மஞ்சள் மட்டும் ஓட்டியவன்

1971-ல் சிவகாசியில் ஓர் அச்சாபீஸில் உதவியாளாகச் சேர்ந்தபோது எனக்கு 18 வயது. ஒற்றைக் கலர் ஆப்செட் மெஷின்கள் ஓடிய காலம் அது. ஒரு காலண்டர் படத்துக்கு ஒரே தாள் நான்கு முறை மெஷினுக்குள் போய்வர வேண்டும். முதலில் மஞ்சள், பிறகு சிவப்பு, நீலம், கடைசியில் கறுப்பு. என்னை மஞ்சள் மெஷினில் விட்டார்கள். மஞ்சள் மட்டும் விழுந்த தாளில் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடாது. வெயிலில் கிடந்து வெளுத்த சேலை மாதிரி இருக்கும். அது முருகனா, லட்சுமியா, தாஜ்மகாலா என்று ஓட்டுகிறவனுக்கே தெரியாது. காய்ந்ததும் தாள் அடுத்த கட்டடத்துக்குப் போய்விடும்.

ஏழு வருஷம் மஞ்சள் ஓட்டினேன். என் கையில் பட்ட தாள் முழுப் படமாக ஆனதை நான் முதன்முதலில் பார்த்தது சாத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடைச் சுவரில். வள்ளி தெய்வானையோடு முருகன். கீழே எங்கள் அச்சாபீஸ் பேர். வேலின் ஓரத்தில் இலேசாகப் பச்சை பிசிறியிருந்தது. மஞ்சள் ஒரு மயிரிழை விலகி, அதன் மேல் நீலம் விழுந்தால் அப்படிப் பச்சை காட்டும். நாங்கள் அதை "ரிஜிஸ்டர் விலகிருச்சு" என்போம். டீயை வைத்துவிட்டு அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது என் கைப்பிழை. கோபமோ வெட்கமோ வரவில்லை. இவ்வளவு நாளும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வேலையைத் துண்டு துண்டாகச் செய்தே ஓர் ஆயுள் கழிந்துவிடும். எனக்குப் பெரும்பகுதி அப்படித்தான் கழிந்தது. 67 வயதில் தொடங்கி, பேரனோடு சேர்ந்து, வீட்டுக் கொட்டகையில் ஒரு காரை முதல் குழாயிலிருந்து கடைசித் திருகுவரை செய்தேன். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் எங்கள் ஊரைச் சொல்லாமல் அந்தக் காரைச் சொல்ல முடியாது.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள் என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரிந்த கதை. மானம் பார்த்த கரிசல் பூமி, மழை பொய்த்தால் கஞ்சி இல்லை என்றிருந்த ஊருக்கு அவர்கள் கொண்டுவந்தது ஒரு முழுத் தொழில். குச்சியிலிருந்து மருந்துவரை, பெட்டியிலிருந்து லேபிள்வரை எல்லாம் அந்த இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கும். ஊருக்குள் வந்த பிறகு அது வீடு வீடாகப் பிரிந்தது. என் அக்கா கட்டை அடுக்கினாள், அதாவது மருந்தில் முக்குவதற்காகக் குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாகச் செருகினாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பெட்டி ஒட்டினேன். குரோஸ் கணக்கில் கூலி, ஒரு குரோஸ் 144 பெட்டி. அக்கா அடுக்கிய குச்சி நான் ஒட்டிய பெட்டிக்குள் என்றைக்காவது போயிருக்குமா என்று நாங்கள் பேசிக்கொள்வோம். பதில் தெரிய வழியில்லை. அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றாள். நான் காமராசர் காலத்து மதியச் சாப்பாட்டின் புண்ணியத்தில் பத்துவரை போனேன். பிள்ளைகள் விரலில் பசை காய்ந்த அந்தக் காலம் போனதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் கிடையாது. அது போகத்தான் வேண்டும்.

பட்டாசிலும் இதே பிரிவுதான். அங்கே பிரிப்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. மருந்துக் கலவை அறை தனி, மருந்து செலுத்தும் அறை தனி, திரி வைக்கும் அறை தனி. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே இவ்வளவு தூரம் என்று விதி. ஓர் அறைக்கு நான்கு பேர். இரும்புச் சாமான் ஆகாது, பித்தளையும் மரமும்தான். ஓர் அறையில் நெருப்புப் பற்றினால் அது அந்த அறையோடு போகவேண்டும் என்பதற்காகப் போட்ட கணக்கு. அந்தக் கணக்கை மீறிய இடங்களில் என்ன நடந்தது என்பதை எங்கள் மாவட்டம் சுடுகாட்டில் நின்று பார்த்திருக்கிறது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை. அன்றைக்கு மட்டும் ஏறத்தாழ 40 உயிர். உயிரைக் காக்கும் பிரிவினை வேறு. என் மஞ்சள் வேறு. மஞ்சள் மெஷினில் நின்றவனைக் கறுப்பு மெஷின்வரை கூட்டிப்போய் ஒரு தடவை காட்டியிருந்தால் யாருக்கும் ஒரு காசு நஷ்டம் வந்திருக்காது.

பிறகு நான் பிட்டரானேன். ஜெர்மனியிலிருந்து பழைய மெஷின்கள் மரப்பெட்டிகளில் வந்து இறங்கும். பிரித்து மாட்டுவோம். அங்கேயும் எனக்கு மை யூனிட் மட்டும்தான். 2011-ல் ஓய்வு பெற்றேன்.

2020 மார்ச்சில் ஊர் அடங்கியது. அச்சாபீஸும் இல்லை, பயராபீஸ் என்று நாங்கள் சொல்லும் பட்டாசு ஆலையும் இல்லை. விருதுநகரிலிருந்து மகள் வீட்டுப் பேரன் பள்ளிக்கூடம் மூடியதால் எங்களிடம் வந்துவிட்டான். 14 வயது. பகலெல்லாம் செல்போனில் கார் படம் பார்ப்பான். ஒருநாள் கேட்டான்: "தாத்தா, நீங்க மெக்கானிக்தானே? ஒரு காரு செய்வீங்களா?"

"மை யூனிட் செய்வேன்யா" என்றேன்.

அவன் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தான். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஊரடங்கு தளர்ந்ததும் ஆர்.சி. ரத்தாகி, உடைப்புக்குப் போகவிருந்த ஓர் ஆம்னி வேனை 28,000 ரூபாய்க்கு வாங்கினேன். மாருதி 800 காரில் இருக்கும் அதே 796 சி.சி., மூன்று சிலிண்டர் வகை என்ஜின்தான் ஆம்னியிலும். ஆனால் 800-ல் அது முன்சக்கரத்தை இழுக்கும், ஆம்னியில் நீளவாட்டில் படுத்துக்கொண்டு புரொபெல்லர் ஷாப்ட் வழியாகப் பின்சக்கரத்தைத் தள்ளும். நாங்கள் மனதில் வைத்திருந்த வண்டிக்கு அதுதான் தோது. முன்னால் என்ஜின், நடுவில் இரண்டு பேர், பின்னால் அச்சு, மேலே கூரை கிடையாது.

அந்த வடிவம் எங்கள் சொந்தக் கற்பனை என்று சொன்னால் பொய். இங்கிலாந்தில் காலின் சாப்மன் என்றொருவர் 1948-ல் தன் காதலி வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய ஆஸ்டின் செவனைப் பிரித்துத் தன் முதல் வண்டியைச் செய்தார். அதுதான் லோட்டஸ் கம்பெனிக்கு விதை. 1957-ல் அவர் லோட்டஸ் செவன் என்ற சின்ன வண்டியை உதிரிபாகங்களாகவும் விற்றார். முழுக் காராக விற்றால் அந்த நாட்டில் விற்பனை வரி அதிகம், பாகங்களாக விற்றால் இல்லை. ஆனால் மாட்டும் முறையைக் குறிப்பாக எழுதிக் கொடுத்தால் வரி விழும் என்று விதி. அதனால் வண்டியைக் கழற்றுவது எப்படி என்று எழுதிக் கொடுத்தார்களாம். வாங்கியவர் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் படித்து மாட்டிக்கொள்ள வேண்டியது. பேரனுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்தது. பிற்பாடு ரான் சாம்பியன் என்ற ஆசிரியர், 250 பவுண்டில் இதைப் போன்ற வண்டியை வீட்டிலேயே செய்யலாம் என்று 1996-ல் ஒரு புத்தகம் போட, உலகம் முழுக்க வீட்டுக் கொட்டகைகளில் இந்த வண்டி முளைத்தது.

இங்கிலாந்துவரை போவானேன். கழற்றி மாட்டிக் கற்றவர் நம் கோயம்புத்தூரிலேயே இருந்தார். கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி.டி.நாயுடு, ஒரு வெள்ளைக்கார அதிகாரி வைத்திருந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அதை வாங்கி, ஓட்டுவதற்கு முன்னால் பிரித்துப்போட்டுப் பார்த்தவர். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் ஒரே ஒரு பஸ் விட்டுத் தொடங்கினார். 1937-ல் அவருடைய கூடத்தில் மின்மோட்டார் உருவானது. 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார், 2000 ரூபாய்க்குக் கொடுக்கலாம் என்றார். அரசாங்கம் உற்பத்திக்கு உரிமம் தரவில்லை. அந்தக் கார் வந்திருந்தால் நம் அப்பாக்கள் ஓட்டியிருப்பார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்ற மனிதர் அவர் என்று சொல்வார்கள். அவரை யாரும் மஞ்சள் மெஷினில் நிறுத்தி வைக்கவில்லை, அதுதான் விஷயம்.

ஆம்னியைப் பிரிக்க இரண்டு மாதம் ஆனது. ஒவ்வொரு போல்ட்டையும் வாஷரையும் காலித் தீப்பெட்டிக்குள் போட்டு, மேலே பென்சிலால் எந்த இடம் என்று எழுதி, சுவரோரம் அடுக்கினோம். மொத்தம் 212 பெட்டி. தீப்பெட்டியில் அடங்காத பெரிய போல்ட்டுக்குப் பட்டாசு கிப்ட் பாக்ஸ். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "அறுவது வருஷம் கழிச்சும் உங்களுக்குத் தீப்பெட்டிதான் வேலை" என்றாள்.

காரின் சட்டம் கட்டுவதற்கு முன் பேரனுக்கு ஒன்று காட்ட வேண்டியிருந்தது. மருந்து முக்காத வெறுங்குச்சி நான்கை எடுத்துச் சதுரமாகப் பசை போட்டு ஒட்டினேன். காய்ந்ததும் விரலால் ஒரு மூலையைத் தள்ளச் சொன்னேன். சதுரம் சாய்ந்து சரிந்துவிட்டது. இன்னொரு சதுரம் ஒட்டி, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஒரு குச்சியைக் குறுக்கே வைத்தேன். தள்ளினான், அசையவில்லை. குச்சி ஒடியும், சரியாது. காரின் சட்டம் முழுக்க இந்த முக்கோணந்தான். 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய், குழாய்ச் சுவர் 1.6 மில்லிமீட்டர். பெரியவர்கள் இரண்டு பேர் தூக்கிவிடலாம். ஆனாலும் ஓர் என்ஜினைத் தாங்கித் திருப்பத்தில் முறுக்காமல் நிற்கும். எந்த இடத்தில் குறுக்குக் குழாய் வேண்டும் என்று பேரன் குச்சியிலேயே ஒரு சின்னச் சட்டம் செய்து கண்டுபிடித்தான். அதை இன்னும் சாமி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

நான் தவறு செய்தது அதற்குப் பிறகுதான். 40 வருஷம் மெஷினில் நின்றவன் என்ற நினைப்பு. முதல் மூலையை முழுசாக வெல்டு வைத்துவிட்டு இரண்டாவதற்குப் போனேன். இப்படியே 16 மூலை. வெல்டு ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது குழாயைத் தன் பக்கம் இழுக்கும். எல்லா மூலையையும் முதலில் பொட்டு வைப்பதுபோல் துளித்துளியாக மட்டும் பிடித்து, மூலைக்கு மூலை நூல் பிடித்து அளந்து, பிறகு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றித்தான் முழு வெல்டு வைக்க வேண்டும். இது எனக்குத் தெரியாததில்லை. அவசரம். முடித்துவிட்டு நூல் பிடித்தால் ஒரு குறுக்களவுக்கும் மற்றதற்கும் 11 மில்லிமீட்டர் வித்தியாசம்.

"விடு தாத்தா, யாருக்குத் தெரியப்போகுது" என்றான் பேரன்.

சாத்தூர் டீக்கடை முருகனின் வேல் கண்முன் வந்தது. அச்சில் ரிஜிஸ்டர் விலகினால் படம் பிசிறும், அவ்வளவுதான். சட்டம் விலகினால் பின்சக்கரம் ஒரு பக்கம் பார்க்கும், முன்சக்கரம் இன்னொரு பக்கம் பார்க்கும், பிரேக் பிடிக்கும்போது வண்டி தானாகத் திரும்பும். ஆறு வார வேலையை அறுத்துப் போட்டோம். அறுத்த அன்று பையன் பேசவே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனே நூலை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். இரண்டாவது சட்டத்தில் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றது. அளந்தது அவன்.

இனிச் சொல்லப்போவதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பலமுறை யோசித்தேன். எழுதாவிட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு தங்கச்சி இருக்கிறாள். புருஷன் இல்லை, ஒரே மகள். பேன்சி வெடி செய்யும் பயராபீஸில் வேலை. ஊரடங்கு முடிந்து ஆபீஸ்கள் திறந்த பிறகு, சாயங்காலம் ஆபீஸ் வேன் தெருமுனையில் இறக்கிவிடும். ஒரு நாள் கொட்டகையில் கிரைண்டர் போட்டுக் குழாய் முனையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கதவு தெருவைப் பார்த்துத் திறந்திருந்தது. பொறி தெருவரை பறந்தது. எவ்வளவு நேரமோ தெரியாது, நிமிர்ந்து பார்த்தால் அவள் தெருமுனையிலேயே, கரண்ட் கம்பத்துக்கு அந்தப் பக்கம், தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். கிரைண்டரை நிறுத்தினேன். அதற்குப் பிறகுதான் நடந்து வந்தாள். முழங்கையிலும் சேலையிலும் வெள்ளி மாதிரி மினுக்கம். அலுமினியப் பவுடர். ஆபீஸிலேயே கைகால் கழுவித்தான் வருவார்கள், எவ்வளவு கழுவினாலும் சேலை மடிப்பிலும் தலைமுடியிலும் ஒட்டியிருக்கும்.

"வேல முடிஞ்சதா அண்ணாச்சி? நான் உள்ள போயிருறேன், அப்புறம் போடுங்க" என்றாள்.

குரலில் குறையே இல்லை. அதுதான் என்னை அறுத்தது. இந்த ஊரில் பிறந்து, வளர்ந்து, மருந்து என்றால் என்ன என்று ஆறு வயதில் தெரிந்துகொண்ட நான், என் கதவிலிருந்து பறக்கும் பொறி யார் சேலையில் விழும் என்று யோசிக்கவில்லை. என் மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், மறுபடியும். அந்தத் தெருவில் எத்தனை நாள் அவள் அப்படி நின்றிருப்பாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அன்றைக்கே தெருப்பக்கக் கதவை அடைத்துத் தகரம் அடித்தேன். வெல்டிங்கையும் கிரைண்டரையும் பின்பக்கச் சுவருக்கு மாற்றினேன். மணல் வாளி இரண்டு. எதிர்வீட்டில் குளித்துத் துணி நனைக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் மெஷின் போடுவது என்று வைத்துக்கொண்டோம். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேர வேலை அதனால் போனது. கார் முடிய ஒரு வருஷம் கூடுதலாயிற்று. அந்த ஒரு வருஷத்தை நான் ஒரு நாளும் கணக்கில் நஷ்டமாக எழுதியதில்லை.

அவள் மகள் அப்போது பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேர்ந்திருந்தாள். வகுப்பெல்லாம் செல்போனில். பட்டறை என்பதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். தகரம் அடித்த மறுவாரம் வந்து, "மாமா, நானும் வந்து பாக்கட்டுமா?" என்று கேட்டாள். பார்க்க வந்தவள் ஒரு வாரத்தில் பேரனுக்குப் பானா பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள்.

என்ஜின் வேலை சுலபமாக முடிந்தது. ரிங், கேஸ்கெட், வாட்டர் பம்ப். ஆம்னியின் புரொபெல்லர் ஷாப்ட் எங்கள் சட்டத்துக்கு நீளம், அதை மதுரையில் ஒரு லேத் பட்டறையில் வெட்டி, சுற்றவிட்டுப் பாலன்ஸ் பார்த்து வாங்கினோம். பாலன்ஸ் பார்க்காத ஷாப்ட் வேகத்தில் அதிர்ந்து அதிர்ந்து கியர் பாக்ஸையே தின்றுவிடும். முன்பக்கம் ஆம்னியின் ஸ்ட்ரட் உயரமானது, அதனால் எங்கள் வண்டி லோட்டஸ் மாதிரி மூக்கைத் தாழ்த்திக்கொண்டு இருக்காது. சின்னக் காளை தலையைத் தூக்கிப் பார்ப்பதுபோல இருக்கும். எனக்கு அப்படித்தான் பிடித்திருக்கிறது.

பிரேக்தான் நாள் எடுத்தது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், நடுவே எண்ணெய்க் குழாய். மிதித்தால் பெடல் கல்லாக நிற்க வேண்டும். எங்களுக்கு மெதுவாக உள்ளே இறங்கிக்கொண்டே போனது. காற்றெடுத்தோம், மறுபடி காற்றெடுத்தோம். எதிர்வீட்டுப் பெண் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு துண்டு அச்சுத்தாளைச் சுற்றிக் கட்டிவிட்டு, "காலைல பாப்போம் மாமா" என்றாள். காலையில் ஒரே ஒரு தாள் மட்டும் ஈரம். குழாய் முனையை விரித்த இடத்தில் மயிரிழை வெடிப்பு. அந்த யோசனை எனக்கு வந்திருக்க வேண்டும், தாளோடு ஆயுள் கழித்தவன் நான்.

2023 சித்திரையில் வண்டி முடிந்தது. எடைமேடையில் ஏற்றியபோது 540 கிலோ. செலவு எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரம். மூடிக்கிடந்த ஒரு மில்லின் பெரிய வளாகம், சொந்தக்காரர் எனக்குப் பழக்கம், அங்கே லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கினோம். முதலில் நான் ஓட்டினேன், பெல்ட் போட்டு, ஹெல்மெட் போட்டு, இரண்டாவது கியருக்கு மேல் போகாமல். மூன்று சிலிண்டர் சத்தம் மில் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. கால் மிதிக்கும் ஒவ்வொரு பெடலிலும் அது எங்கே போய் எதைத் தள்ளுகிறது என்று எனக்குத் தெரிந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் எந்தக் கம்பி எந்தப் பக்கம் நகர்கிறது, அந்தக் கம்பியின் போல்ட் எந்தத் தீப்பெட்டியில் இருந்தது, அதையும் சொல்வேன். நான்கு நிறமும் என் கையிலேயே விழுந்த தாள் அது. 70 வயதுக்காரன் அழுதேன். ஹெல்மெட் இருந்ததால் பிள்ளைகள் பார்க்கவில்லை.

பிறகு எதிர்வீட்டுத் தங்கச்சியை உட்காரவைத்து ஒரு சுற்றுப் போனேன். இறங்கியதும் சட்டத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இருவது வருஷமா பேன்சி வெடிக்குத் திரி வைக்கிறேன் அண்ணாச்சி. என் கையில போனது எது, மேல போயி என்ன கலர்ல வெடிச்சதுன்னு ஒண்ணுகூடத் தெரியாது" என்றாள். நான் அவளிடம் மஞ்சள் மெஷின் கதையை அதுவரை சொன்னதில்லை.

இனி, ரோட்டில் ஓட்டுவது. முடியாது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126-வது விதிப்படி வண்டி தயாரிப்பவர் மாதிரி வண்டியை அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தில் கொடுத்துச் சான்று வாங்க வேண்டும். அது ஆயிரக்கணக்கில் வண்டி செய்யும் கம்பெனிகளை மனதில் வைத்து எழுதிய விதி. ஒரே ஒரு வண்டி செய்யும் வீட்டுக்காரனுக்கு அதில் நடைமுறையில் வாசல் இல்லை. விதி கடுமையாக இருப்பதில் எனக்கு வழக்கில்லை. விதியைத் தளர்த்தினால் எப்படி உயிர் போகும் என்று எங்கள் ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் இங்கிலாந்தில் ஒற்றை வண்டியையும் கொண்டுபோய் நிறுத்திப் பிரேக், விளக்கு, பெல்ட், புகை என்று ஒவ்வொன்றாகச் சோதித்துச் சான்று கொடுக்கிற ஏற்பாடு இருக்கிறது. சோதனை கடினம், தேறினால் ரோட்டுக்கு வரலாம். அப்படி ஒரு வாசல் நம் நாட்டிலும் வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். பந்தயத்துக்கு அந்த வாசல் ஏற்கெனவே உண்டு. கோவையில் கரிவரதன் என்பவர் மாருதி 800 என்ஜினை வைத்து பார்முலா மாருதி பந்தயக் கார்களைச் செய்தார். அதில் ஓட்டிப் பழகிய நரேன் கார்த்திகேயன் பார்முலா ஒன்வரை போனார். 1995-ல் கரிவரதன் விமான விபத்தில் போய்விட்டார். அவர் பேரில் செட்டிபாளையத்தில் உள்ள பந்தயப் பாதையில் இன்றைக்குக் கல்லூரிப் பிள்ளைகள் தாங்களே செய்த கார்களைக் கொண்டுவந்து ஓட்டுகிறார்கள். பந்தயப் பாதையில் திறந்த கதவு, தெருவுக்கும் ஒருநாள் திறக்கலாம்.

"ரோட்டுல ஓட்ட முடியாததை மூணு வருஷமா எதுக்குச் செஞ்சீங்க?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. மழைக்காலம் முழுக்க வண்டி கொட்டகையில் தார்ப்பாய்க்குள் நின்றது. நானும் அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். செய்தபோது எங்கள் மூன்று பேருக்கும் கை நிறைய வேலை, மனம் நிறையப் பேச்சு. முடிந்த வண்டி சும்மா நிற்கும்போது, சுவரில் மாட்டிய பழைய காலண்டர்போல, பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது.

வழி காட்டியவன் பேரன். பாதி வேலையில் வந்து சேர்ந்த எதிர்வீட்டுப் பெண் சட்டம் கட்டும்போது இல்லை, ஆம்னியைப் பிரித்தபோதும் இல்லை. பிரேக்கும் வயரிங்கும்தான் அவள் செய்தது. "அக்கா மஞ்சள் மட்டும் ஓட்டிருக்கு தாத்தா" என்றான். அந்தக் கதையை எப்போது அவனுக்குச் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை.

போன தைப் பொங்கல் கழித்து வண்டியைப் பிரிக்க ஆரம்பித்தோம். மறுபடி மாட்டப்போவது அவள். கூடவே அவளுடைய கல்லூரித் தோழிகள் இரண்டு பேர். நானும் பேரனும் பக்கத்தில் நிற்போம், கேட்டால் மட்டும் வாய் திறப்போம் என்று பேச்சு. அவள் அம்மா வேலைவிட்டு வந்து குளித்துவிட்டுக் கொட்டகை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். பழைய தீப்பெட்டிகளில் பென்சில் எழுத்து அழிந்துபோயிருந்தது, அதனால் புதிதாக 200 காலிப்பெட்டி வாங்கி வந்தேன். மேலே எழுதும் வேலையை அவள் அம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள்.

நேற்றுச் சாயங்காலம் என்ஜின் இறங்கியது. "இந்த போல்ட்டு எங்க உள்ளது?" என்று தங்கச்சி ஒவ்வொன்றுக்கும் கேட்டு, போல்ட் இருந்த இடத்தை எழுந்து போய் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துதான் பெட்டியில் எழுதுகிறாள். 38 பெட்டி முடிந்திருக்கிறது.